ஆண் மரங்களின் நகரம்

ஒரு மரம் அரியதா, மலிந்ததா என்பதை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். எங்கோ ஒரு மலைச்சரிவில் பத்து மரங்கள் மட்டும் நின்றால் அது அரிய மரம், தெருவுக்குத் தெரு நின்றால் மலிந்த மரம் என்பது பொதுவான கணக்கு. இந்தக் கணக்கு முழுவதுமாகப் பொய்த்த இடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நகரின் தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் ஆயிரக்கணக்கில் நின்ற மரம் கரும்பாப்லர். அதே காலத்தில், பிரிட்டன் மண்ணுக்கே உரிய பெருமரங்களுள் மிகவும் அருகிவிட்டது என்று தாவரவியலாளர்கள் கவலையோடு குறித்ததும் அதே கரும்பாப்லர்தான். இரண்டு செய்திகளும் உண்மையே. கண்ணெதிரே காடுபோல் நிற்கும் ஒரு மரம் எவ்வாறு அழிவின் விளிம்பில் இருக்க முடியும் என்ற வினாவுக்கு விடை காண, அந்த மரம் எவ்வாறு பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கரும்பாப்லர், கிரிக்கெட் மட்டை செய்யப் பயன்படும் வில்லோ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாப்புலஸ் நைக்ரா என்பது அதன் அறிவியல் பெயர். ஐரோப்பாவின் அட்லாண்டிக் பக்கத்தில், குறிப்பாக பிரிட்டனிலும் வடக்குப் பிரான்சிலும் வளர்வது அதன் பெட்டூலிஃபோலியா என்னும் துணையினம். முப்பது மீட்டர் வரை உயர்ந்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இம்மரத்தைத் தமிழ் வாசகர் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆயினும் அதன் இலையின் சாயலை அவர் அறிவார். நம் ஊர்ப் பூவரசின் அறிவியல் பெயரான தெஸ்பீசியா பாப்புல்னியா என்பதன் பிற்பகுதிக்கு 'பாப்லரைப் போன்றது' என்பதே பொருள். பூவரசின் இலையைக் கண்ட ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்குத் தம் நாட்டுப் பாப்லர் நினைவுக்கு வந்திருக்கிறது. நீண்டு, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும் காம்பில் ஊசலாடும் கரும்பாப்லர் இலை, அரசிலையைப் போலவே சிறு காற்றுக்கும் சலசலக்கும். அடிமரம் பெரும்பாலும் நேராக நில்லாமல் ஒருபுறம் சாய்ந்திருக்கும். பட்டையில் ஆழ்ந்த வெடிப்புகளும் கைப்பிடி அளவிலிருந்து பானையளவு வரையிலான புடைப்புகளும் நிறைந்திருக்கும். கிளைகள் தரையை நோக்கி வளைந்து இறங்கி, நுனியில் மீண்டும் மேல்நோக்கி நிமிரும். அதன் கட்டை அதிர்ச்சியைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. ஆகவே வண்டிகளின் அடித்தட்டுக்கும் தடைக்கட்டைக்கும், கணப்பு எரியும் வீடுகளின் தளப்பலகைக்கும் அதை விரும்பி எடுத்தனர்.

பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு என்பது நாட்டுப்புறத்துக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆண்பனை பாளையை மட்டும் விடும், நுங்கும் பனம்பழமும் பெண்பனையில்தான் காய்க்கும். இவ்வாறு ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் பூக்கும் தாவரங்களை ஈரில்லத் தாவரங்கள் என்று தாவரவியல் அழைக்கிறது, கரும்பாப்லரும் அவ்வகையினதே. வசந்தத்தின் தொடக்கத்தில், இலை துளிர்க்கும் முன்பே, ஆண் மரம் செந்நிறக் கம்பளிப்புழுக்களைப் போன்ற பூங்கதிர்களைத் தொங்கவிட்டு மகரந்தத்தைக் காற்றில் தூவும். பெண் மரத்தின் கதிர்களோ பசுமஞ்சள் நிறத்தில், இலைகளோடு கலந்துபோகும் தோற்றத்தில் இருக்கும். தேனீயோ வண்டோ இங்குத் தூது செல்வதில்லை, காற்று ஒன்றே தூதுவன். எனவே காற்று எட்டும் தொலைவில் எதிர்ப்பால் மரம் இல்லையென்றால், ஒரு மரம் நூறாண்டு பூத்தாலும் வித்து என்பதே கிடையாது.

வித்து உண்டானாலும் வேலை முடிந்துவிடாது. ஜூன் மாத அளவில் பெண் மரத்தின் காய்கள் வெடித்து, எருக்கங்காய் வெடிப்பதைப்போல், வெண்பஞ்சு சூழ்ந்த நுண்விதைகளை வெளிவிடுகின்றன. ஒரு பெரிய மரம் விடும் விதைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் விதைக்குள் சேமித்து வைத்த உணவு மிகச் சொற்பம். நெல்லையோ புளியங்கொட்டையையோ போல அடுத்த பருவம் வரை காத்திருக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. சில நாட்களுக்குள், மிஞ்சினால் ஓரிரு வாரங்களுக்குள், ஈரமான இடத்தில் விழுந்து முளைத்தாக வேண்டும். அந்த இடம் புல்லும் பூண்டும் இல்லாத வெறும் வண்டலாகவும், நிழல் படாததாகவும், குருத்துவேர் ஆழத்தை எட்டும் வரை கோடை முழுவதும் காயாததாகவும், அடுத்த வெள்ளம் நாற்றை அடித்துச் செல்லாததாகவும் இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தும் இடம் ஒன்றே ஒன்றுதான்: வளைந்து நெளிந்து ஓடி, ஒரு கரையை அரித்து மறு கரையில் மணலும் சேறும் ஒதுக்கும் ஆற்றின் வெள்ளச் சமவெளி. கரும்பாப்லரின் வாழ்க்கைமுறை முழுவதும் ஆற்றின் அந்தத் தாறுமாறான போக்கை நம்பியே அமைந்தது. பிரிட்டனில் பல நூற்றாண்டுகளாக ஆறுகளுக்குக் கரை கட்டினர், வளைவுகளை நேராக்கினர், சதுப்புகளின் நீரை வடித்து வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஆக்கினர். மரங்களை யாரும் பகைக்கவில்லை. அவற்றின் தொட்டில் மட்டும் காணாமற்போயிற்று.

தொட்டில் போன பின்னும் மரம் தொடர்ந்து இருந்ததற்குக் காரணம், அதை வளர்க்க விதை தேவைப்படாததே. முருங்கையையும் கிளுவையையும் பூவரசையும் நம் உழவர்கள் போத்து வெட்டி நடுவதைப்போல, கரும்பாப்லரின் கிளையை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினால் வேர் விட்டுவிடும். வேலியோரத்துக்கு ஒரு மரம் வேண்டிய உழவரும், தெருவுக்கு நூறு மரம் வேண்டிய நகராட்சியும் இந்த எளிய வழியையே நாடினர். ஆனால் போத்து என்பது பிள்ளை அன்று. விதை என்றால் தாயின் மரபுக்கூறுகளில் பாதியும் தந்தையினவற்றில் பாதியும் புதிய சேர்க்கையில் கூடி, முன்பு இல்லாத ஒரு தனி உயிர் தோன்றுகிறது. போத்திலோ பழைய மரமே, ஒரு கூறும் மாறாமல், இன்னோர் இடத்தில் தொடர்கிறது. இவ்வாறு ஒரே உயிரிலிருந்து உடல்வழியே பெருகிய படிகள் அனைத்தையும் சேர்த்துக் குளோன் என்பர். அவற்றுள் ஒவ்வொன்றையும் தமிழில் நகல்மரம் எனலாம். ஆண் மரத்தின் போத்து ஆணாகவே இருக்கும், பெண் மரத்தின் போத்து பெண்ணாகவே இருக்கும்.

மான்செஸ்டரின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பஞ்சாலைகளின் நிலக்கரிப் புகையால் வானமே கறுத்திருந்த அந்நகரில், இலைகளின் மேல் கரி படிந்து, காற்றிலிருந்த கந்தகம் துளிர்களைக் கருக்க, பல மரவகைகள் நோஞ்சானாகித் தேய்ந்தன. ஆண்டுதோறும் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலையை விடுவதும் விரைந்து வளர்வதுமான கரும்பாப்லர் அந்தப் புகையைத் தாங்கி நின்றது. புகையைத் தாங்கிய மரம் கிடைத்ததும் அதையே போத்து போத்தாக வெட்டி நகரெங்கும் நட்டனர். மக்கள் அதற்கு மான்செஸ்டர் பாப்லர் என்றே பெயரிட்டனர். அந்த மரங்கள் ஆண் மரங்கள். பெண் மரம் உதிர்க்கும் பஞ்சு தெருவில் குவியும், வீட்டுக்குள் பறந்து வரும் என்பதால் அங்கு மட்டுமன்றி நாடெங்கும் பெண் மரங்களை விரும்பி நடுவாரில்லை. பஞ்சு தும்மலை வரவழைக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. உண்மையில் தும்மலுக்குக் காரணமாகக்கூடியது ஆண் மரத்தின் மகரந்தமே அன்றிப் பெண் மரத்தின் பஞ்சு அன்று. ஒரு தவறான எண்ணத்துக்காகவும் கொஞ்சம் குப்பைக்காகவும் ஓர் இனத்தின் தாய்மார்களை ஒதுக்கிய செயல் இது.

நாட்டில் மொத்தம் எத்தனை கரும்பாப்லர்கள் உள்ளன என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. கியூ தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாவரவியலாளர் எட்கர் மில்ன்-ரெட்ஹெட் 1973இல் தொடங்கி 1988 வரை, தன்னார்வத் தாவர ஆர்வலர்களின் துணையோடு, மரம் மரமாகத் தேடிப் பதிவுசெய்யும் கணக்கெடுப்பை நடத்தினார். பாப்லர்களில் கலப்பினங்கள் மிகுதி என்பதால் அடிமரத்தின் புடைப்பையும் கிளையின் வளைவையும் இளந்துளிரின் மென்மயிரையும் நெருங்கிப் பார்த்தே எது அசல் என்று துணிய வேண்டியிருந்தது. பூக்கும் சில நாட்களில் சென்றால் மட்டுமே ஆண், பெண் வேறுபாடு தெரியும். பின்னாளில் தேடல் விரிந்தபோது தொகை ஏறத்தாழ 7,000 மரங்கள் என்ற அளவை எட்டியது. அவற்றுள் பெண் மரங்கள் சுமார் 600 மட்டுமே. வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் 7,000 என்பது ஆறுதல் தரும் எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்த 7,000 மரங்கள் எத்தனை உயிர்கள் என்ற கேள்வியைக் கண்ணால் பார்த்துத் தீர்க்க முடியாது.

அதைத் தீர்த்தது 1990களில் தொடங்கிய டி.என்.ஏ. ஆய்வு. ஓர் இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில், ஈரெழுத்துகளோ மூவெழுத்துகளோ திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பல உண்டு. பாட்டின் பல்லவியை ஒருவர் மூன்று முறையும் இன்னொருவர் ஐந்து முறையும் பாடுவதைப்போல, அந்தத் திரும்பல் ஒரு மரத்தில் பன்னிரண்டு முறையும் மற்றொன்றில் பதினேழு முறையும் இருக்கும். இவற்றைக் குறுந்தொடர்கள் எனலாம். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு மரங்கள் ஒத்திருந்தால் அதில் வியப்பில்லை. எண்களைச் சுழற்றித் திறக்கும் பெட்டிப்பூட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: ஒரு சக்கரத்தில் எண் தற்செயலாகப் பொருந்த பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு, ஆறு சக்கரங்களும் ஒருசேரத் தற்செயலாகப் பொருந்த பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஒரே தாய்தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்புகள் கூடச் சில இடங்களில் ஒத்தும் சில இடங்களில் வேறுபட்டுமே நிற்கும். பல இடங்களைச் சோதித்து அத்தனையிலும் இரண்டு மரங்கள் ஒத்திருந்தால், அவை ஒன்றின் நகல்கள் என்பதைத் தவிர வேறு நியாயமான விளக்கம் இல்லை. பிரிட்டனின் கரும்பாப்லர்களை இவ்வாறு ஒப்பிட்டபோது, ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நின்ற மரங்கள் அச்சு மாறாமல் ஒத்திருந்தன. தனித்தனி உயிர்களின் எண்ணிக்கை மரங்களின் எண்ணிக்கையில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. மான்செஸ்டரின் மரங்கள் ஏறக்குறைய அனைத்தும் ஒரே ஆண் மரத்தின் நகல்களாக இருந்தன.

நகலாக இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். ஓலைச்சுவடி பதிப்பித்தவர்களின் அனுபவம் இதற்கு நல்ல விடை. ஒரு நூலுக்குத் தனித்தனி வழிகளில் வந்த ஐந்து சுவடிகள் கிடைத்தால், ஒன்றில் செல்லரித்த வரியை மற்றொன்றைக் கொண்டு நிரப்பலாம்; பாடபேதங்களை ஒப்பிட்டு நல்ல பாடத்தைத் தெரிந்தெடுக்கலாம். ஒரே சுவடியைப் பார்த்து எழுதிய ஐந்நூறு படிகள் கிடைத்தாலோ, மூலத்தில் விடுபட்ட வரி ஐந்நூறிலும் விடுபட்டிருக்கும். உயிரினத்தில் பாடபேதத்தின் இடத்தில் இருப்பது மரபியல் பன்மை, அதாவது ஒரே இனத்துக்குள் உயிருக்கு உயிர் காணப்படும் மரபுக்கூறு வேறுபாடு. ஒரு நோய் வரும்போது சில மரங்கள் மடிவதும் சில தப்புவதும் இந்த வேறுபாட்டால்தான். தப்பியவற்றின் விதையிலிருந்து அடுத்த தலைமுறை தேறி எழும்.

அந்தச் சோதனை மான்செஸ்டருக்கு 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. வெஞ்சூரியா பாப்புலினா என்னும் பூஞ்சையால் உண்டாகும் பாப்லர் சொறிநோய், மழை மிகுந்த வசந்தங்களில் துளிரிலிருந்து துளிருக்குத் தெறிக்கும் நீர்த்துளிகளில் ஏறிப் பரவியது. நோய் கண்ட இளந்தண்டு கறுத்துச் சுருண்டு, தொரட்டிக்கோலின் கொக்கிபோல் வளைந்து தொங்கும். இலைகள் கருகி உதிரும். மரம் மறுபடி துளிர்க்கும், அந்தத் துளிரும் கருகும். இவ்வாறு சில ஆண்டுகள் போராடி, சேமிப்பு முழுவதும் தீர்ந்து மரம் மடியும். ஒரு மரத்தின் தற்காப்பை உடைக்கக் கற்ற பூஞ்சை, பக்கத்து மரத்திலும் அதே தற்காப்பை, அதே பூட்டுக்கு அதே சாவியாக, உடைத்தது. தமிழ்நாட்டில் வாடல் நோய் புகுந்த ரஸ்தாளித் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வாழையும் கட்டையிலிருந்து பெருகும் நகல்தான், ரஸ்தாளிக்கு வந்த நோய் அடுத்த ரஸ்தாளியை விட்டுவைப்பதில்லை. நிலக்கரிப் புகையைத் தாங்கிய மரங்கள், புகை ஓய்ந்த பின் ஒரு பூஞ்சைக்குப் பெருமளவில் பலியாயின. நகரம் தெருத்தெருவாக அவற்றை வெட்டி அப்புறப்படுத்த நேர்ந்தது.

ஒரு மரம் போகும்போது அதனோடு போகும் சிற்றுயிர்களின் இழப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை. கரும்பாப்லரின் இலைக்காம்பில் கோடையில் திருகுசுருளாக முறுக்கிய ஒரு வீக்கத்தைக் காணலாம். திருகாணியின் புரிகளைப் போலச் சுற்றிய அந்தக் கழலைக்குள் வாழ்வது ஒருவகை அசுவினி. அசலை அடையாளம் காண உதவும் குறிகளுள் இக்கழலையும் ஒன்று. அமெரிக்கப் பாப்லரோடு கலந்த கலப்பினங்களில் இது அரிதாகவே காணப்படுகிறது. வசந்தத்தில் ஒரு தாய் அசுவினி காம்பில் அமர்ந்து உறிஞ்சத் தொடங்க, காம்பு அவளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு மூடிவிடுகிறது. உள்ளே அவள் ஆண் துணையின்றியே மகள்களை ஈன்று பெருகுகிறாள். கழலை வாய் திறக்கும் பருவத்தில், அம்மகள்களுள் சில பருத்த கால்களோடு காவல்வீரர்களாக நிற்கின்றன. அசுவினிகளைத் தின்னவரும் பூச்சிப் புழுக்களை அவை கால்களால் பற்றி, ஊசிபோன்ற வாயுறுப்பால் குத்துகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உயிரியலாளர் வில்லியம் ஃபாஸ்டர் 1990இல் இந்தக் காவல் உண்மையாகவே கூட்டத்தைக் காக்கிறது என்பதைச் சோதனைகளால் நிறுவினார். அதன்பின் செய்த சோதனைகள் அவ்வீரர்களுக்கு இன்னொரு பணியும் உண்டு என்று காட்டின: அசுவினிகள் வெளியேற்றும் பிசுபிசுப்பான இனிப்புக் கழிவு மெழுகு பூசிய உருண்டைகளாகக் கழலைக்குள் தேங்க, வீரர்கள் அவற்றைத் தலையால் முட்டி வாசலுக்கு வெளியே தள்ளுகின்றன, வீரர்களை அகற்றிய கழலைகளில் மற்றவை அந்தக் கழிவிலேயே சிக்கி மடிந்தன. நடைபாதையில் போவோர் அண்ணாந்தும் பாராத ஓர் இலைக்காம்பில், விரல்நுனியளவு அறைக்குள், காவலும் துப்புரவும் உள்ள ஒரு குடியிருப்பு நடக்கிறது.

மீட்சிக்கான வழி, பெண் மரங்களை ஆண் மரங்களுக்கு அருகே நட்டு விதையைப் பெறுவதுதானே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உள்ளது. ஐரோப்பியக் கரும்பாப்லரும் அமெரிக்கப் பாப்லரும் கூடிப் பிறந்த கலப்பினங்கள், வேகமாக வளரும் காரணத்தால் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே கட்டைக்காகப் பரவலாக நடப்பட்டு வருகின்றன. தூண்போல் ஒடுங்கி உயரும் லம்பார்டிப் பாப்லரும் அழகுக்காக எங்கும் நடப்பட்டது, அதுவும் ஓர் ஆண் குளோன். காற்று ஆள் பார்த்து மகரந்தம் கொண்டுசெல்வதில்லை. தன் இனத்து மகரந்தம் போதிய அளவு வந்து சேர்ந்தால் பெண் பூவில் அதுவே பெரும்பாலும் முந்துகிறது என்று மகரந்தங்களைக் கலந்து தூவிச் செய்த சோதனைகள் காட்டுகின்றன; ஆனால் துணையின்றித் தனித்து நிற்கும் பெண் மரத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நடப்பட்ட பாப்லர்களின் மகரந்தமே. அதன் விதைகளைச் சேகரித்து நாற்றாக்கி, காட்டு மரத்தை மீட்டுவிட்டதாக மகிழ்ந்து நட்டால், மீட்க நினைத்த இனமே சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். ஆகவே நாற்றின் டி.என்.ஏ.வைப் பார்க்காமல் விதையை நம்புவதற்கில்லை.

இதனால் இன்றைய பாதுகாப்புப் பணி, மரம் நடுவதைக் காட்டிலும் கணக்குப்பிள்ளையின் வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் வனமரங்களின் மரபுவளத்தைக் காக்க 1994இல் கூட்டாகத் தொடங்கிய திட்டத்தில், முதலில் கவனம் பெற்ற இனங்களுள் கரும்பாப்லரும் ஒன்று. நாடு முழுவதிலுமிருந்து போத்துகளைத் திரட்டி, டி.என்.ஏ.வால் நகல்களைக் கழித்து, எஞ்சும் தனித்தனி உயிர்களை எண்ணிட்டு வளர்க்கும் குளோன் தோட்டங்கள் உருவாயின. பிரிட்டனில் செஸ்டர் விலங்குக் காட்சிசாலை போன்ற நிறுவனங்களும் கரும்பாப்லர் வளர்த்து நடும் பணியில் ஈடுபட்டன. இனி நடும் இடங்களில் ஆணும் பெண்ணும், அவற்றுள்ளும் வெவ்வேறு எண்ணுடைய குளோன்களும் கலந்து நிற்க வேண்டும் என்பதே இப்பணியின் உயிர்நாடி. நல்லெண்ணத்தோடு அருகிலுள்ள முதுமரத்தில் போத்து வெட்டி நூறு இடங்களில் ஊன்றும் ஆர்வலர், மரங்களின் எண்ணிக்கையை நூறு கூட்டுகிறார், உயிர்களின் எண்ணிக்கையை ஒன்றுகூடக் கூட்டுவதில்லை. அவருடைய உழைப்பு வீண்போகாதிருக்க அவர் கையில் கொடுக்க வேண்டியது எண்ணிட்ட போத்துகள்.

நகரத்துக்கும் இதில் பங்கு உண்டு. வெட்டப்பட்ட ஒவ்வோர் ஆண் மரத்தின் இடத்திலும் வேறொரு குளோனை, இயன்ற இடங்களில் பெண்ணை, நட முடியும். பெண் மரங்களுக்கு வீட்டு வாசலைவிட ஆற்றங்கரைப் பூங்காக்களும் வெள்ளநீர் ஒதுங்கும் திறந்தவெளிகளும் பொருத்தமானவை. ஆற்றின் கரையைச் சிறிது தளர்த்தி வெள்ளம் பரவ இடம்விடும் திட்டங்களில், புல் விதைத்துப் பசுமையாக்காத வெறும் சேற்றுத் திட்டு ஒன்றை மேலதிகாரிகள் குறையாகவே பார்ப்பார்கள். ஜூன் மாதத்தில், மறுகரைப் பெண் மரத்திலிருந்து பஞ்சு பறந்து வந்து அந்தச் சேற்றில் படிகிறது. ஈரம் பட்ட விதை ஒருநாளைக்குள் முளைவிட்டு, கடுகளவு இரண்டு வித்திலைகளை விரிக்கிறது. அப்போது அந்தத் திட்டை யாரும் வழித்துச் சுத்தம் செய்யாமல் இருக்க வேண்டும்.